முப்பத்தைந்து டாலரை யார் போடுவது?

2024 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் மிசூரி மாநில செனட்டில் சில உறுப்பினர்கள் 41 மணி நேரம் அவையை நகர விடவில்லை. மாற்றி மாற்றி எழுந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் மறித்து வைத்திருந்தது, ஒரு வரியைப் புதுப்பிக்கும் மசோதாவை. வரியை எதிர்த்து அரசியல்வாதிகள் பேசுவது புதிதில்லை. ஆனால் இந்த வரியைக் கட்டுகிற மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், மருந்துக் கடைகள் எல்லாம் அந்த இரண்டு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. வரி ரத்தாகிவிடுமோ என்றுதான் அவர்களுக்குப் பயம்.

நான் இந்த மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்ன மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பருத்தி விளைகிற பகுதி. ஆகஸ்ட் மாதத்தில் சாலையின் இரு பக்கமும் பார்த்தால் கோவில்பட்டிப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பங்கினர் மெடிக்கெய்ட் அட்டை வைத்திருப்பவர்கள், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள். எங்கள் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி இந்த வரியை நம்பித்தான் ஓடுகிறது. வெளியே யாருக்கும் இது தெரிவதில்லை. எங்கள் மருத்துவமனைக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கதை 1965-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் மெடிக்கேர், மெடிக்கெய்ட் இரண்டையும் உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்காக அவர் வாஷிங்டனை விட்டு எங்கள் மிசூரியில் இருக்கும் இண்டிபெண்டன்ஸ் நகருக்கு வந்தார். அங்கேதான் ஹாரி ட்ரூமன் இருந்தார். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று தன் பதவிக் காலத்தில் போராடித் தோற்ற மனிதர் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

முதியவர்களுக்கான மெடிக்கேர் முழுக்க வாஷிங்டனின், அதாவது மத்திய அரசின், பொறுப்பு. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் அப்படி அமையவில்லை. மாநில அரசு தன் பங்கைப் போட்டால்தான் வாஷிங்டன் தன் பங்கைப் போடும். மாநிலத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து இந்தப் பங்கு மாறும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற வசதியான மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி. மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்துக்கு முக்கால் பங்குக்கும் மேலே வாஷிங்டன் தருகிறது. மிசூரிக்கு ஏறக்குறைய 65 விழுக்காடு. அதாவது ஒரு நோயாளிக்காக 100 டாலர் செலவானால் 65 டாலர் வாஷிங்டனிலிருந்து வரும், 35 டாலரை மாநிலம் போட வேண்டும். அந்த 35-ஐப் போடவில்லை என்றால் 65-உம் வராது.

மெடிக்கெய்டின் எல்லாச் சிக்கலும் அந்த 35 டாலரில் இருக்கிறது. பொருளாதாரம் படுத்தால் வேலை போனவர்கள் மெடிக்கெய்டுக்கு வருவார்கள். அதே நேரத்தில் மாநிலத்தின் வரி வருமானமும் விழும். வாஷிங்டன் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். மாநிலங்கள் அப்படிச் செய்ய முடியாது, ஏறக்குறைய எல்லாமே வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கா, சாலைக்கா, சிறைச்சாலைக்கா, ஏழைகளின் வைத்தியத்துக்கா என்று போட்டி வரும்போது கடைசியில் நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

1980-களின் நடுவில் மாநிலங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. மருத்துவமனைகளிடமிருந்தே அந்த மாநிலப் பங்கை வாங்கிக்கொள்வது. முதலில் நன்கொடை என்ற பெயரில், பிறகு வரி என்ற பெயரில். அந்தப் பணத்தைக் காட்டி வாஷிங்டனின் பங்கைப் பெற்று, எல்லாவற்றையும் சேர்த்து மெடிக்கெய்ட் கட்டணமாக மருத்துவமனைகளுக்கே தருவது. மிசூரியில் இந்த ஏற்பாடு 1992-இல் வந்தது. ஃபெடரல் ரீஇம்பர்ஸ்மென்ட் அலவன்ஸ் என்பது சட்டப் பெயர், நாங்கள் எஃப்.ஆர்.ஏ. என்போம். இன்று அலாஸ்காவைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் புரோவைடர் டாக்ஸ், அதாவது மருத்துவ சேவை தருகிறவர்கள் மீதான வரி, இருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் ஒரு தமிழ்க் குழந்தை மருத்துவர் இருக்கிறார். மதுரைக்காரர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள், சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருக்க வேண்டுமென்றால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை. இந்த நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் எதிர்பாராத இடத்தில் ஒரு தமிழ் டாக்டரையோ தெலுங்கு டாக்டரையோ பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். இவரும் அப்படி வந்தவர்தான். மூன்று ஆண்டு முடிந்த பிறகும் போகவில்லை.

செனட்டில் அந்த இழுபறி நடந்த வாரம் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, நம்மகிட்டயே வரி வாங்கி நமக்கே திருப்பிக் குடுக்குறாங்கன்னு சொல்றாங்களே. அதுக்கு வாங்காமலேயே விட்டுறலாமே?"

"வாங்குன பணம் மட்டும் திரும்பி வரலக்கா. 35 கட்டுனா 100 வருது. நடுவுல இருக்கிற 65 வாஷிங்டன் பணம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அடிபம்புல ஒரு செம்பு தண்ணி ஊத்தி அடிக்கிற மாதிரி, என்ன?"

நான் இத்தனை ஆண்டாக இதற்குச் சொன்ன எந்த விளக்கமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "சரி, ஊத்துற தண்ணிய மட்டும் ஏன் நாம ஊத்தணும்? கவர்ன்மென்ட் ஊத்தக் கூடாதா?"

அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பணம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மெடிக்கெய்டிலிருந்து வரும் பட்டுவாடா விவரத்தைத் திரையில் திறந்தால், மேலே நோயாளி நோயாளியாகக் கட்டண விவரங்கள் ஓடும். ஒரு பிரசவம், ஒரு குழந்தையின் ஆஸ்துமா, ஒரு எக்ஸ்ரே. ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட தொகை. கீழே இறங்கி வந்தால் கழித்தல் குறியோடு ஒரு பெரிய தொகை: எங்கள் வரி. நாங்கள் தனியாகக் காசோலை எழுதி அனுப்புவதில்லை, அரசு எங்களுக்குத் தர வேண்டியதிலேயே பிடித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கழித்தலைப் பார்த்ததும் ஏதோ அபராதம் என்று நினைத்து ஓடி வருவார்கள். அதே பக்கத்தில் இருக்கும் கூட்டல் தொகைகள் அந்தக் கழித்தலால்தான் அந்த அளவுக்கு இருக்கின்றன என்று உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

ஆஸ்துமா குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வருகிறது. நெபுலைசர், ஸ்டீராய்டு, நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். மருந்துச் செலவு பெரிதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு நர்சும், சுவாச சிகிச்சை தெரிந்த ஒருவரும், ஒரு டாக்டரும் அங்கே விழித்துக்கொண்டு இருக்க வேண்டும். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. மெடிக்கெய்டின் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் இந்த அடக்கச் செலவுக்குக் காணாது. வசதியான ஊர் மருத்துவமனை, தனியார் காப்பீட்டு நோயாளிகளிடம் கூடுதலாக வாங்கி இதை ஈடுகட்டிவிடும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்? அந்த இடைவெளியை அடைப்பது எஃப்.ஆர்.ஏ. வழியாக வரும் பணம்தான்.

அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் தூரத்தில் தேட வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் கென்னட் என்ற ஊரின் மருத்துவமனை 2018-இல் மூடப்பட்டது. அங்கே மூடியதற்கு இந்த வரி காரணம் இல்லை. கிராமப்புற மருத்துவமனைகள் மூடுவதற்குப் பல காரணங்கள் சேரும். ஆனால் மூடிய பிறகு பிரசவ வலி வந்த பெண்கள் வேறு ஊருக்கு வண்டி பிடித்துப் போக வேண்டியிருந்ததே, அதுதான் விளைவு. இந்த நாட்டில் நடக்கும் பிரசவங்களில் பத்துக்கு நாலு மெடிக்கெய்டில் நடக்கின்றன. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மெடிக்கெய்ட்தான் கட்டணம் கட்டுகிறது. இது ஏதோ ஓரத்தில் இருக்கும் திட்டம் இல்லை.

இப்போது எதிர்த் தரப்பு. அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வாஷிங்டனின் கண்ணில் இது இப்படித் தெரிகிறது: மாநிலம் உண்மையில் தன் பெட்டியிலிருந்து எதுவும் போடவில்லை. மருத்துவமனையின் பணத்தை வாங்கிக் காட்டிவிட்டு அவர்களுக்கே திருப்பித் தருகிறது. சட்டத்தில் 65-க்கு 35 என்று இருந்தாலும் நடைமுறையில் வாஷிங்டன் தலையில் முழுச் சுமையும் விழுகிறது. 1988-க்கும் 1992-க்கும் இடையில் மெடிக்கெய்டின் மொத்தச் செலவு இரண்டு மடங்கானதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1991-இல் கொண்டு வந்த வரி இன்னும் மோசமான உதாரணம். அங்கே வந்த வாஷிங்டன் பணத்தை ஏழைகளின் வைத்தியத்துக்குச் செலவிடாமல் மாநில பட்ஜெட்டின் ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள். அதற்கு மெடிக்கெய்ட் மோசடி என்ற பொருளில் மெடிஸ்காம் என்றே பெயர் வந்துவிட்டது. அது தவறு. அப்படிப் போன ஒவ்வொரு டாலரும் ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி வாங்கிய டாலர்.

அதனால் 1991-இல் காங்கிரஸ் கடிவாளம் போட்டது. ஒரு வகை மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் வரி போட வேண்டும், ஏழைகளைப் பார்க்கும் மருத்துவமனையை மட்டும் பொறுக்கக் கூடாது. விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டிய வரியை அப்படியே திருப்பித் தருவதாக யாருக்கும் உறுதி தரக் கூடாது. கடைசி விதிக்கு ஒரு விலக்கு: நோயாளிகள் மூலம் வரும் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டுக்குள் வரி இருந்தால், யாருக்கு எவ்வளவு திரும்பிப் போகிறது என்று வாஷிங்டன் கிளறிப் பார்க்காது. நடுவில் 2008 முதல் 2011 வரை 5.5 ஆக இருந்ததைத் தவிர, அந்த 6-தான் முப்பது ஆண்டுகளாக எல்லா மாநிலங்களின் கணக்குக்கும் அச்சாணி.

விதிகள் வந்த பிறகும் வளைப்பது நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியா காப்பீட்டு நிறுவனங்கள் மீது போட்ட வரியில், மெடிக்கெய்ட் உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 182.50 டாலர்; மற்ற உறுப்பினருக்கு 1.75 டாலர். விதிக்குள் விகிதத்தை எப்படி நுழைப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். டெக்சாஸில் வரியால் நஷ்டப்பட்ட மருத்துவமனைகளுக்கு லாபமடைந்த மருத்துவமனைகள் தங்களுக்குள் ஈடு செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி 2023-இல் மத்திய அரசு கேள்வி எழுப்ப, டெக்சாஸ் அரசு நீதிமன்றத்துக்குப் போனது. இந்த விஷயத்தில் ஜனநாயகக் கட்சி மாநிலம், குடியரசுக் கட்சி மாநிலம் என்ற பேதமே கிடையாது. இதை வெட்ட நினைத்ததிலும் பேதமில்லை: 6-ஐ 3.5 ஆக்கலாம் என்று ஒபாமாவின் பட்ஜெட்டே ஒரு முறை முன்மொழிந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் ஏன் இந்த வரியின் பக்கம் நிற்கிறேன்? மருத்துவமனை வரியை ஏமாற்று என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 35 டாலரை நேர்மையான வழியில் போட நீங்கள் தயாரா? தயார் என்றால் நானே முன்னால் நின்று இந்த வரியை எடுத்துவிடச் சொல்வேன். மாநிலம் பொது வரி வருமானத்திலிருந்து தன் பங்கைப் போடுவதுதான் 1965-இல் நினைத்த முறை, அதுவே சரியான முறை. ஆனால் வரியை எடு என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்காமல் போனால், நஷ்டம் மாநிலத்துக்கும் இல்லை, வாஷிங்டனுக்கும் இல்லை. அந்த இரண்டு மணிக் குழந்தைக்கு.

மருத்துவமனைக்காரன் மருத்துவமனைக்காகப் பேசுகிறான் என்று தோன்றலாம். தோன்றட்டும். எல்லா மருத்துவமனைகளும் இதில் ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி எல்லோருக்கும், திரும்பி வருவது மெடிக்கெய்ட் நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு. பணக்காரப் புறநகரில் இருக்கும் மருத்துவமனை கட்டுவது அதிகம், பெறுவது குறைவு. அந்த அளவில் இது வசதியுள்ள இடத்திலிருந்து வசதியில்லாத இடத்துக்குப் பணத்தை நகர்த்துகிறது. சட்டத்தின் நோக்கமும் அதுவே. எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். மிசூரியில் இந்த வரிக்கு எப்போதும் ஒரு காலாவதித் தேதி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் இது பணயப் பொருள் ஆகிறது. 2021-இல் கருத்தடைச் சாதனங்களுக்கு மெடிக்கெய்ட் பணம் தரலாமா என்ற சண்டையில் மாட்டி, சிறப்புக் கூட்டம் கூட்டிக் கடைசி நேரத்தில்தான் நிறைவேறியது. 2024-இன் அந்த 41 மணி நேரமும் அப்படியே: கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகள் தரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்குப் பணம் போகக் கூடாது, மாநில அரசமைப்பை மக்கள் வாக்கால் திருத்துவதைக் கடினமாக்க வேண்டும் என்பவைதான் மறித்த உறுப்பினர்களின் கோரிக்கைகள். மெடிக்கெய்டில் ஆண்டுக்கு 400 கோடி டாலர் என்ற அளவில் பணத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு, வேறு எதற்கோ நடந்த பேரத்தில் தொங்கியது. மக்களுக்கு இது என்னவென்று தெரியாததால்தான் இப்படித் தொங்கவிட முடிகிறது.

தெரியவைத்தால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஓரிகனில் 2018 ஜனவரியில் இந்த வரிகளை நேரடியாக வாக்கெடுப்புக்கே விட்டார்கள். மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வரி போட்டு மெடிக்கெய்டைக் காப்பாற்றலாமா என்பது கேள்வி. ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மினசோட்டாவில் 1992-லேயே சட்டம் போட்டு டாக்டர்கள், மருத்துவமனைகள் எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் வரி வாங்கி, வருமானம் குறைந்தவர்களின் மருத்துவத்துக்கென்று தனி நிதியில் சேர்க்கிறார்கள். 2 விழுக்காடாக இருந்ததை 2020-இல் 1.8 ஆக்கினார்கள். சில பல் டாக்டர்களின் ரசீதில் அது தனியாகவே அச்சாகி வரும். நோயாளி பார்க்கிறார், எதற்கு என்று தெரிந்துகொள்கிறார். எனக்குப் பிடித்த முறை அது.

அப்புறம் 2025 வந்தது. ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டம் இந்த வரியின் கழுத்தில் கை வைத்தது. புதிய மருத்துவமனை வரி எந்த மாநிலமும் போடக் கூடாது, இருப்பதை உயர்த்தவும் கூடாது. இதற்கு மேல், ஒபாமா காலச் சட்டப்படி மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கிய மாநிலங்களில் அந்த 6 விழுக்காடு உச்சவரம்பு 2028 நிதியாண்டிலிருந்து ஆண்டுக்கு அரை விழுக்காடாக இறங்கி 2032-இல் 3.5-க்கு வரும். முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு இந்த இறக்கம் இல்லை. இந்தத் தடையும் உச்சவரம்பு இறக்கமும் உள்ள பிரிவால் மட்டும் பத்தாண்டில் ஏறக்குறைய 19,000 கோடி டாலர் மிச்சமாகும் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. வாஷிங்டனுக்கு மிச்சம். எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கு அது வராமல் போகும் பணம்.

விரிவாக்கிய மாநிலங்களில் என்ற இடத்தைக் கவனியுங்கள். மிசூரியில் மெடிக்கெய்டை விரிவாக்கியது அரசியல்வாதிகள் இல்லை. 2020 ஆகஸ்டில் வாக்காளர்கள் 53 விழுக்காட்டு ஆதரவோடு அரசமைப்பையே திருத்தினார்கள். சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே நடைமுறைக்கு வந்தது. ஏழைத் தொழிலாளிக்கும் வைத்தியம் வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டு வாக்களித்த மாநிலத்துக்கு உச்சவரம்பு இறங்கும். விரிவாக்கவே மறுத்த டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இறங்காது.

மிசூரியிலிருந்து வாஷிங்டன் செனட்டில் இருக்கும் ஜோஷ் ஹாலி அந்த மசோதாவின் இந்தப் பிரிவை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். மெடிக்கெய்டை வெட்டுவது தவறு என்று எழுதினார். பிறகு மசோதாவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். செனட்டில் 50-க்கு 50 என்று நின்று துணைக் குடியரசுத் தலைவர் வான்ஸின் வாக்கால் நிறைவேறியது. இரண்டு வாரம் கழித்து, அதே பிரிவை நீக்கத் தானே ஒரு மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறினால் நான் அவருக்கு மனதார நன்றி சொல்வேன். ஆனால் அன்று அவர் வாக்கு மாறியிருந்தால் அந்த மசோதாவுக்கே அவசியம் வந்திருக்காது.

கிராமப்புற மருத்துவத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 5,000 கோடி டாலர் என்று தனி நிதி ஒதுக்கியிருக்கிறார்களே என்று கேட்பார்கள். வரட்டும், வாங்கிக்கொள்வோம். ஆனால் அதில் பாதி எல்லா மாநிலங்களுக்கும் சமமாகப் பிரிகிறது, அதுவும் 2030-உடன் முடிகிறது. உச்சவரம்போ அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும், இறங்கிய இடத்திலேயே நிற்கும்.

ஆக, டாக்டர் அக்காவின் கேள்விக்கு, அரசு அந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாதா என்பதற்கு, மிசூரி பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. மருத்துவமனைகள் போடக்கூடிய பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறையப் போகிறது. மீதியை மாநிலம் தன் பெட்டியிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் கட்டணத்தையோ திட்டத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். பெட்டியில் பணம் இல்லை என்று சொல்வார்கள். வாஷிங்டன் இந்தச் சட்டத்தைப் போட்ட அதே ஜூலையில், தனிநபர்கள் பங்கு விற்று, சொத்து விற்று அடையும் லாபத்துக்கு மாநில வருமான வரி கிடையாது என்று மிசூரி சட்டம் போட்டது. வருமான வரி வாங்கும் மாநிலங்களில் இப்படிச் செய்த முதல் மாநிலம் நாங்கள்தான். சிகரெட் பாக்கெட்டுக்கு மாநில வரி 17 சென்ட். நாட்டிலேயே மிகக் குறைவு. அதை உயர்த்தும் யோசனையை வாக்காளர்கள் 2002, 2006, 2012, 2016 என்று நான்கு தேர்தல்களில் நிராகரித்திருக்கிறார்கள். ஆஸ்துமா குழந்தைகள் வரும் வீடுகளில் பாதியில் சிகரெட் வாடை இருக்கும் என்று அக்கா சொல்வார்.

எங்கள் பகுதியின் மாநில செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். ஜனவரியில் ஜெஃபர்சன் சிட்டியில் அவை கூடும். நான் கேட்டிருப்பது இரண்டு: எஃப்.ஆர்.ஏ.-யின் காலாவதித் தேதியை எடுத்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். உச்சவரம்பு இறங்கும் ஒவ்வொரு ஆண்டும் குறையும் தொகையைப் பொது வருமானத்திலிருந்து போடுவதாக இப்போதே சட்டத்தில் எழுதுங்கள். மிசூரியில் இருக்கும் தமிழர்கள், குறிப்பாக வாக்குரிமை உள்ளவர்கள், தங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இதை எழுதினால் நல்லது. கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன்.